காற்று திரும்பும் மாதங்கள்: மிதவை எடுக்கும் வழக்கமும் கொங்கின் இரு கடல்களும்

நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூர் கடலைக் காணாத ஊர் என்றாலும், அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்தின் வாணிகம் தொன்றுதொட்டு இரு கடல்களை நம்பியே நடந்துவந்திருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக் கடலும், கிழக்கிலும் தெற்கிலும் சமவெளிச் சாலைகள் வழியாக வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் அதன் வாயில்களாக இருந்தன. இன்று பின்னலாடை ஏற்றிய கன்டெய்னர்கள் தூத்துக்குடி, கொச்சி, சென்னை ஆகிய துறைமுகங்களிலிருந்து ஆண்டின் எல்லா மாதங்களிலும் புறப்படுவதால், ஒரு காலத்தில் இக்கரைகள் எவையும் ஆண்டு முழுவதும் திறந்திருந்ததில்லை என்பது எளிதில் மறந்துபோகிறது. காற்று திரும்பும் மாதங்களில் கொடியை இறக்குவது, கப்பல்களை வெளியேற்றுவது, கடலில் இட்ட மிதவைகளைச் சங்கிலியோடு எடுத்துக் கரையேற்றுவது, காற்று தணிந்தபின் அவற்றை மீண்டும் இடுவது என்னும் வழக்கம் இரு கரைகளிலும் பல நூற்றாண்டுகள் நிலவியது. பெரிய துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்ட அவ்வழக்கம், மூழ்கிய கப்பல்களைக் காணவும் ஆராயவும் நீருக்கடியில் செல்வோரின் தொழிலில் இப்போது புதிய வடிவில் திரும்பியிருக்கிறது.

இவ்வழக்கத்தின் காரணம் காற்றிலேயே இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலபார்க் கரையையும் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளையும் நேராகத் தாக்குகிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று சோழமண்டலக் கரையையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் தாக்குகிறது. ஈழத் தமிழர் முன்னதைச் சோளகம் என்றும் பின்னதை வாடை என்றும் வழங்குவர். ஒரு கரை கொந்தளிக்கும்போது மறுகரை ஓரளவு அமைதியாக இருக்குமாதலால், இரு கரைகளுக்கும் நடுவிலுள்ள நாடு எதுவோ அது இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்திக்கொள்ள இயலும். கொங்கு அத்தகைய நடுநாடு. நொய்யல் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் அங்கு அரிய கற்களைப் பட்டைதீட்டி மணிகளாக்கும் தொழில் செழித்திருந்ததைக் காட்டின. திருப்பூர் மாவட்டத்துப் படியூரில் கிடைத்த பச்சைநிற மணிக்கல் மேலைக்கடல் வாணிகத்தில் விரும்பி வாங்கப்பட்ட பொருள். அம்மணிகள் கணவாயைக் கடந்து முசிறிப் பட்டினத்தை அடைந்த காலத்தில், எகிப்திலிருந்து வரும் கப்பல்கள் ஜூலை வாக்கில் புறப்பட்டு, தென்மேற்குக் காற்றின் வேகம் அடங்கும் தறுவாயில் மலபாரை அடைந்து, டிசம்பர் வாக்கில் வடகிழக்குக் காற்றோடு திரும்பின என்பதை கிரேக்க, உரோமானியக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. வணிகனின் நாட்காட்டியை வகுத்தது காற்றே.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னையிலிருந்து மேற்கு நோக்கி இடப்பட்ட இருப்புப்பாதை 1862இல் திருப்பூர் வழியாக அரபிக் கடலோரத்துப் பேப்பூரை எட்டியபோது, கொங்கு முதன்முறையாக இரு கடல்களோடும் இரும்பால் இணைக்கப்பட்டது. ஆனால் அப்பாதையின் இரு முனைகளிலும் அப்போது துறைமுகம் என்று சொல்லத்தக்க கட்டுமானம் இல்லை. இரண்டுமே திறந்த கடல்துறைகள். அதாவது, அலைகளைத் தடுக்கும் மதில் எதுவுமின்றிக் கரைக்கு வெளியே ஆழமான நீரில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆட்களும் சிறு படகுகளில் போய்வரும் இடங்கள். மலபாரின் சிறு துறைகளில், கப்பல் வரும் வழியைக் காட்டும் மிதவைகள் மழைக்காலத்துக்கு முன் அகற்றப்பட்டு, கடல் அடங்கியபின் மீண்டும் இடப்பட்டன; சில இடங்களில் கலங்கரை விளக்குகள்கூட நல்ல காலத்தில் மட்டுமே ஏற்றப்பட்டன. வரக் கப்பல் இல்லாத மாதங்களில் விளக்கெரிக்க எண்ணெய் செலவழிப்பானேன் என்ற கணக்கு அதில் இருந்திருக்கும். இவ்வழக்கத்தின் எச்சம் பேப்பூரிலேயே இன்றும் காணக்கிடைக்கிறது: அங்கிருந்து இலட்சத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் உரு எனப்படும் மரக்கலங்கள் மே 15 முதல் செப்டம்பர் 15 வரை கடலில் இறங்கத் தடை உண்டு. கணவாய் வழியே நுழைந்து உடுமலைப்பேட்டை, தாராபுரம், பல்லடம் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றி நூற்பாலைகளுக்கு மின்சாரம் தருவதும் இதே மாதங்களின் காற்றுதான். மலபாரை மூடிய காற்று கொங்குக்கு முதலாகிவிட்டது.

கிழக்குக் கரையில் மூடுகாலம் இன்னும் கண்டிப்பாகவும் சடங்குபோலவும் நடந்தது. சென்னையில் கோட்டைக் கொடிமரத்தை அக்டோபர் 15ஆம் நாள் இறக்கி டிசம்பர் 15ஆம் நாள் மீண்டும் நாட்டுவது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து முறை. கொடிமரம் இறங்கிவிட்டால் துறையில் நிற்கும் கப்பல் எதுவும் தன் பொறுப்பிலேயே நிற்கிறது என்று பொருள். காப்பீட்டுப் பத்திரங்களும் அவ்விரு மாதங்களில் சோழமண்டலக் கரையில் நிற்கும் கப்பலுக்கு நேரும் இழப்பை ஏற்காமல் விலக்கின. சட்டம் எழுதியதைவிட வலுவாகக் கப்பல் தலைவர்களைத் துரத்தியது அந்தக் காப்பீட்டு நிபந்தனைதான் என்று கொள்வதில் தவறில்லை. இக்கண்டிப்பு அனுபவத்தால் வந்தது. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, கோட்டையை விட்டுக்கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயோடு பூசலிட்டபடி அக்டோபர் வரை துறையிலேயே தங்கியதால், அம்மாத நடுவில் அடித்த புயல் அவருடைய கப்பல்களில் சிலவற்றை மூழ்கடித்தது, மற்றவற்றைப் பாய்மரம் இழந்த கூடுகளாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் மாண்டனர். டிசம்பர் நடுநாளோடு ஆபத்து தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலித்ததில்லை. 1761ஆம் ஆண்டின் முதல் நாள் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கடற்படையைப் புயல் தாக்கியபோதும் பல போர்க்கப்பல்கள் அழிந்தன.

திறந்த துறையில் புயலுக்குச் சிக்கும் கப்பலுக்கு ஒரே புகல் ஆழ்கடல். நங்கூரத்தை இழுத்து ஏற்ற நேரமில்லாதபோது, அதன் வடத்தை விடுவித்துவிட்டு அல்லது வெட்டிவிட்டு, நங்கூரம் கிடக்கும் இடத்தைக் காட்ட ஒரு சிறு மிதவையைக் கட்டிவிட்டுக் கப்பல் வெளியேறும். திரும்பி வரும்போது மிதவை இருந்தால் நங்கூரம் கிடைக்கும், மிதவை அறுந்து போயிருந்தால் இரண்டுமே நட்டம். கப்பல் பெரிதாயினும் அதன் பிடி சிறு மிதவை ஒன்றின் கயிற்றில் தொங்கியது என்பதை அக்கால மாலுமிகள் நன்கு அறிந்திருந்தனர். புயல் எச்சரிக்கை வரும்போது சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளிக்கடலுக்கு அனுப்பும் இன்றைய நடைமுறை, இறக்கப்பட்ட கொடிமரத்தின் நேர்வழித்தோன்றல்.

பருவந்தோறும் மிதவை இட்டு எடுக்கும் வழக்கம் மிகத் தெளிவாகக் காணப்பட்ட இடம் சரக்குத் துறை அன்று, முத்துக்குளிக்கும் துறை. மன்னார் வளைகுடாவில் தமிழகக் கரையை ஒட்டியும் இலங்கைக் கரையை ஒட்டியும் கடலடியில் பாறைத் திட்டுகள் பரவிக் கிடக்கின்றன. சிப்பிகள் பற்றி வளரும் இத்திட்டுகளைப் பரவரும் முஸ்லிம் மூழ்காளர்களும் பார் என்பர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொள்ளாயிரம் பார், இலங்கைப் பக்கத்துப் பெரிய பார், சேவல் பார் ஆகியவை பெயர்பெற்றவை. அவை கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இருக்கின்றன. இரு கைகளையும் விரித்த நீளமான ஒரு பாகம் சுமார் ஆறடி. கரையில் மலையோ கோபுரமோ கண்ணுக்குத் தெரியாத தொலைவில், மேற்பரப்பில் எந்த அடையாளமும் இல்லாத நீரில், முதிர்ந்த சிப்பி உள்ள பகுதியையும் இன்னும் விட்டுவைக்க வேண்டிய இளஞ்சிப்பிப் பகுதியையும் பிரித்துக் காட்டுவதற்கு ஒரே வழி, கொடி கட்டிய மிதவைகளை எல்லையாக இடுவதுதான். ஆய்வுக் கப்பலில் செல்லும் அதிகாரி மூழ்காளர்களைக் கொண்டு மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பார்த்து, குளிப்புக்கு உகந்த திட்டை மிதவைகளால் சூழ்ந்து வைப்பார். அதன்பின்னரே படகுகளுக்கு அனுமதி கிடைக்கும்.

சலாபம் என்று வழங்கப்பட்ட இந்த முத்துக்குளிப்புக் காலம் பெரும்பாலும் பிப்ரவரி இறுதி அல்லது மார்ச்சில் தொடங்கி, தென்மேற்குக் காற்று வலுப்பதற்குள் முடிந்தது. வாடை ஓய்ந்து சோளகம் எழாத அந்தச் சில வாரங்களில்தான் மன்னார் வளைகுடாவின் நீர் தெளிந்து அமைதியாக இருக்கும். நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்பட்டு விடியலில் மிதவைக் கொடிகளை அடையும். மூழ்காளர் இருவருக்கு ஒரு கல் என்ற முறையில், கல்லில் கால் வைத்து ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் அதே காற்றில் கரை திரும்புவார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்னும் மந்திரக்காரருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. இலங்கைக் கரையில் மறிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த சலாபத்தில் எடுக்கப்பட்ட சிப்பிகளின் எண்ணிக்கை 8 கோடி அளவில் இருந்தது. பாலைபோன்ற அந்தக் கடற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரம் எழுந்து, குளிப்பு முடிந்ததும் கலைந்தது. ஓலைக்கொட்டகைகள் பிரிக்கப்பட்டன, எல்லை மிதவைகள் எடுக்கப்பட்டன, பார் மீண்டும் அடையாளமற்ற நீராயிற்று. எடுத்தது பாதுகாப்புக்காக மட்டுமன்று. மிதவையை விட்டுவைத்தால் களவாகக் குளிப்போருக்கு அது வழிகாட்டி ஆகிவிடும். தூத்துக்குடியில் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன்பின் பெருமளவில் சிப்பி விளையவில்லை.

சரக்குத் துறைகளில் மூடுகாலத்தை ஒழித்தது கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிய அலைதாங்கி மதில்கள். தெற்காசியப் பயணம் வந்த வேல்ஸ் இளவரசர், 1875 டிசம்பரில் சில நாள் இடைவெளியில் கொழும்பிலும் சென்னையிலும் துறைமுகக் கட்டுமானத்துக்கு அடிக்கல் நாட்டினார். கொழும்பின் தென்மேற்கு மதில் 1885இல் முடிந்தபோது, அதுவரை தபால் கப்பல்களின் தலைமைத் துறையாக விளங்கிய காலி தன் இடத்தை இழந்தது. சென்னையின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. கட்டி முடியும் தறுவாயிலிருந்த மதில்களை 1881 நவம்பர் 12ஆம் நாள் புயல் உடைத்தது. கிழக்கு நோக்கிய வாயில் அலைகளை உள்ளே விட்டதால், பின்னர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் அவ்வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது. மேற்குக் கரையில் கொச்சியின் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டைப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ வெட்டித் திறக்க, 1928 மே 26இல் பத்மா என்ற கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. தென்மேற்குக் காற்றின் மாதங்களிலும் கப்பல் தங்கக்கூடிய துறை மலபாருக்கு அப்போதுதான் கிடைத்தது. கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நிற்க, தோணிகள் சரக்கேற்றிய தூத்துக்குடியில், கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரு மதில்களுக்கு நடுவே அமைந்த புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. திருப்பூரிலிருந்து பின்னலாடை வெளிநாடுகளுக்குப் பெருமளவில் செல்லத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே என்பதால், இவ்வூரின் ஏற்றுமதித் தலைமுறை மூடிய கடலை அறியாமலே வளர்ந்தது. அத்தலைமுறைக்குப் பருவம் என்றால் ஐரோப்பியக் கடைகளின் கோடைகாலச் சரக்கும் குளிர்காலச் சரக்கும்தான். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலமும் காற்றைக் கருதியதன்று, மீன் இனப்பெருக்கத்தைக் கருதியது.

மதில்களுக்கு வெளியே கிடக்கும் மூழ்கிய கப்பல்களுக்கு மட்டும் பழைய நாட்காட்டி மாறவில்லை. அவற்றுள் பல அந்த நாட்காட்டியை மீறியதால்தான் மூழ்கின என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒல்லாந்துக் கம்பெனியின் அவோன்ட்ஸ்டர் என்னும் கப்பல் 1659 ஜூலை 2ஆம் நாள், தென்மேற்குக் காற்றின் உச்ச மாதத்தில், நாகப்பட்டினம் செல்வதற்காகக் கொட்டைப்பாக்கு ஏற்றிக் காலித் துறையில் நின்றபோது, நங்கூரம் நழுவிக் கரையோரத்தில் மோதி உடைந்தது. கரையிலிருந்து கூப்பிடு தொலைவில், சில மீட்டர் ஆழத்தில் கிடந்த அச்சிதைவை இலங்கையின் கடலடித் தொல்லியல் குழு 2001 முதல் 2004 வரை அகழ்ந்தது. அவ்வளவு ஆழம் குறைந்த இடத்திலும் காற்று அமைதியான மாதங்களில்தான் வேலை நடந்தது, ஏனெனில் சோளகம் எழும்போது அலை மணலைக் கிளறிக் கண்பார்வையை மறைப்பதோடு வெளிப்பட்ட மரச்சட்டங்களையும் அரித்துவிடும். இலங்கையின் தென்கிழக்கு மூலையிலுள்ள இராவணன் கோட்டைப் பாறைத்தொடரில், ஔரங்கசீப் காலத்துச் சூரத் நாணயச்சாலை வெள்ளி ரூபாய்களைச் சுமந்து மூழ்கிய கப்பலை 1961 மார்ச்சில் மூழ்காளர் மைக் வில்சனும் அவருடன் சென்ற இரு சிறுவர்களும் கண்டனர். எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் நூலால் உலகறிந்த அச்சிதைவுக்கு முறையான ஆய்வுக் குழு சென்றது 1963இல்தான். அப்பாறையில் மூழ்கத்தக்க நாட்கள் ஆண்டில் சில வாரங்களே. அவையும் முத்துக்குளிப்பின் அதே மார்ச், ஏப்ரல் வாரங்கள்.

கிழக்குக் கரையின் சிதைவுகளுக்கு நாட்காட்டி தலைகீழ். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹெர்மிஸ், விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட கப்பல்களில் உலகின் முதன்மையானவற்றுள் ஒன்று. 307 பேரோடு மூழ்கிய அது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில், பொழுதுபோக்கு மூழ்காளருக்கு வகுத்த 40 மீட்டர் எல்லைக்கும் கீழே கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜன்ட் 24 மீட்டர் அளவு ஆழத்தில் இருப்பதால் அதிகமானோர் சென்றுவருகின்றனர். இவ்விடங்களுக்கு ஏப்ரல் வாக்கில் தொடங்கும் காலம் செப்டம்பரோடு முடிகிறது. மேற்கே ஹிக்கடுவைக்கு அருகில் 1903இல் மூழ்கிய கொங்க் என்னும் எண்ணெய்க் கப்பலுக்கோ நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மூழ்கல் நிலையங்கள் சில, நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் காலங்காலமாகக் கிழக்குக் கரையில் வாடி அமைத்துத் தங்கிவந்ததைப் போலவே, தம் படகுகளோடும் காற்றுக்குப்பிகளோடும் கரை மாறுகின்றன. தமிழ்நாட்டுக் கரையில் பூம்புகாருக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்த 18ஆம் நூற்றாண்டு இறுதிக் கப்பலும், எழுத்துப் பொறித்த அதன் ஈயக் கட்டிகளும், வடகிழக்குக் காற்றுக்கு நேராகக் கிடக்கின்றன.

மூழ்கிய கப்பலின்மேல் நிலைமிதவை எதற்காக இடப்படுகிறது என்பதை விளக்கவேண்டும். மிதவை இல்லாத இடத்தில் படகு தன் நங்கூரத்தையோ கொக்கியையோ சிதைவின்மீதே எறிந்து பிடிக்கவைக்கும். அரித்து மெலிந்த இரும்புத் தகடுகள் ஒவ்வொரு முறையும் கிழிபடும். மரக்கப்பலாயின் ஒரு பருவத்து நங்கூரங்கள் போதும், நூறாண்டு தாங்கியது சிதைந்துபோகும். பவளப்பாறைகளுக்கும் இதே தீங்கு நேர்ந்ததால், அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1981இல் ஜான் ஹாலஸ் என்பவர் பாறையில் துளையிட்டுப் பதித்த பிடியோடு ஆறு மிதவைகளை இட்டார். அம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. கப்பற்சிதைவுகளுக்கு அதைப் பருவமுறையாக்கியவை அந்நாட்டின் உறையும் ஏரிகள். வெர்மாண்ட் மாநிலத்துச் சாம்பிளைன் ஏரியில் 1985இல் தொடங்கிய நீரடிப் பாதுகாப்பகத்தில் கோடைக்கு முன் இடப்படும் மஞ்சள் மிதவைகள் இலையுதிர்காலத்தில் எடுக்கப்படுகின்றன, ஏனெனில் ஏரி உறையும்போது பனிக்கட்டி மிதவையைப் பிடித்து நகர்த்தினால் அதன் சங்கிலி கீழேயுள்ள சிதைவையும் சேர்த்து இழுக்கும். ஹூரான் ஏரியின் தண்டர் பே காப்பகத்திலும் அதுவே முறை.

நம் கடல்களில் பனிக்கட்டியின் வேலையைப் பேரலை செய்கிறது. மீனவர் போயா என்றும் சொல்லும் மிதவை மேலே, சிதைவுக்குப் பக்கத்தில் மணலில் புதைந்த கான்கிரீட் கட்டையோ திருகு நங்கூரமோ கீழே, இரண்டையும் இணைக்கும் சங்கிலியும் கயிறும் நடுவே என்பதே இதன் அமைப்பு. கடல் அமைதியாக இருக்கும்வரை சங்கிலியின் அடிப்பகுதி தரையில் அசையாமல் கிடந்து, படகின் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். பருவக்காற்றில் மிதவை ஒவ்வொரு அலைக்கும் எகிறி விழ, சங்கிலி தரையை வட்டமாகச் சுரண்டி, அவ்வட்டத்துக்குள் வளர்ந்த பவளத்தையும் கடற்புல்லையும் சிதைவின் உதிர்ந்த பகுதிகளையும் துடைத்தெடுக்கும். சங்கிலிகளை இணைக்கும், தொழிலாளர் சாக்கிள் என்றழைக்கும் இரும்பு வளையத்தின் ஆணி தேய்ந்து கழலும். கழன்ற மிதவை கயிற்றோடு மிதந்துபோய் விசைப்படகின் சுழலியில் சுற்றிக்கொள்ளும், அல்லது மீனவரின் வலையில் சிக்கி வலையையே கிழிக்கும். கட்டையைச் சிதைவின்மேலேயே கட்டிவிடும் சோம்பல் வேலையில் தீங்கு இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு அலையும் கப்பலைத்தான் இழுக்கிறது.

ஆகவே காலம் முடியும் வாரத்தில் மூழ்காளர் இருவர் இறங்கி, மேற்கயிற்றை அடிச்சங்கிலியோடு இணைக்கும் வளையத்தைத் திறந்து, மிதவையையும் கயிற்றையும் விடுவிப்பர். கனமான சங்கிலியை எடுக்க வேண்டுமாயின் காற்றுப்பையைக் கட்டி ஊதி மேலேற்றுவர். கட்டையும் அடிச்சங்கிலியும் இடத்திலேயே விடப்படும். சங்கிலியின் நுனியில் அலையின் வீச்சு எட்டாத ஆழத்தில் நிற்கும்படி ஒரு சிறு மிதவையைக் கட்டிவிட்டால் அடுத்த பருவத்தில் தேடுவது எளிதாகும், ஆனால் இழுவலை ஓடும் கரையில் அதுவும் வலையில் மாட்டுமாதலால் சங்கிலியை மணலில் நீட்டிவிட்டு, செயற்கைக்கோள் அளவியில் இடத்தைக் குறித்துக்கொள்வதே நல்லது. எடுத்த கயிற்றைக் கரையில் விரித்து உராய்ந்த இடங்களை வெட்டியெறிவதும், வளையத்தின் ஆணியை அளந்து பார்ப்பதும், மிதவையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும் மூடுகாலத்தின் வேலைகள். வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஓய்வுபோலத் தோன்றும் அம்மாதங்கள்தான் மிதவையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. காற்று திரும்பும்போது நீரோட்டமும் திரும்புவதால், ஒரு பருவத்தில் படகைச் சிதைவுக்குப் பக்கவாட்டில் நிறுத்தும் கட்டை மறுபருவத்தில் அதைச் சிதைவின்மேலேயே கொண்டுவந்து நிறுத்தக்கூடும். இதைச் சரிபார்க்கும் வாய்ப்பும் எடுத்து மீண்டும் இடும்போதே கிடைக்கிறது.

மிதவை இடுவதற்குப் பணம் கொடுக்க முன்வரும் சுற்றுலாத் திட்டங்கள் எடுப்பதற்குப் பணம் ஒதுக்காமல் விடுவதே இத்தொழிலின் பெருங்குறை. எடுக்காத மிதவை இரண்டு மூன்று பருவங்களில் சிதைவுக்கு நங்கூரத்தைவிடப் பெரிய பகையாகிறது. நங்கூரம் இறங்கும்போது மட்டும் அடிக்கிறது, கைவிடப்பட்ட சங்கிலி இரவும் பகலும் அடிக்கிறது. 2001இல் யுனெஸ்கோ ஏற்று 2009இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, நூறாண்டுக்கு மேல் நீரடியில் கிடக்கும் கப்பல்களை அவை கிடக்கும் இடத்திலேயே காப்பதை முதல் தெரிவாகக் கருதச் சொல்கிறது. 1942இன் கப்பல்கள் அந்த வயதை 2042இல் எட்டும். முத்துப்பாரின் மேற்பார்வையாளர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே மிதவை இடும் நாளோடு எடுக்கும் நாளையும் சேர்த்தே வகுத்திருந்தனர் என்பதால், இங்கு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. சோழமண்டலக் கரையில் அந்நாள் பழைய கொடிமரத்தின் அக்டோபர் 15க்கு முன்னர் விழவேண்டும். இரு காற்றுகளும் தொடும் மன்னார் வளைகுடாவில் மே மாதத்துக்கு முன்னரே விழவேண்டும். தமிழ்நாட்டுக் கரையின் மூழ்கிய கப்பல்கள்மேல் மிதவை இடக் கருதும் துறைகளும் நிலையங்களும், முதல் கட்டையை இறக்குமுன் எடுக்கும் நாளையும் அதன் செலவை ஏற்பவரையும் எழுத்தில் வரையறுத்து, அந்நாளை அருகிலுள்ள மீனவ ஊர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.